பெயிண்ட் அடிச்சது ஒரு குத்தமா?

நட்டு போல்ட்டு - வாராவாரம்

செமஸ்டர் ரிசல்ட் வந்தாச்சா? அரியர் விழுந்தவங்க கவலைப்படாதீங்க. இந்த வாரக் கதையே ஒரு அரியரில்தான் ஆரம்பிக்கிறது.

நெல்லையில் நான் மெக்கானிக்கல் படித்துக்கொண்டிருந்த காலம். முதல் வருஷ கெமிஸ்ட்ரி பேப்பரில் 'உலோக அரிப்பு' என்று ஒரு முழு யூனிட் இருந்தது. அஞ்சு யூனிட்டில் ஒண்ணை சாய்ஸில் விடுவது நம்ம பரம்பரை வழக்கமாச்சே? விட்டேன். அதிலிருந்துதான் பதினாறு மார்க் கேள்வி வந்தது. புட்டுக்கிச்சு.

அந்த யூனிட்டைப் படிக்காததால் எனக்குப் போனது ஒரு பேப்பர். என் ஹாஸ்டல் ரூம்மேட் வீட்டுக்குப் போனது ஒரு எஞ்சின்.

ரூம்மேட்டுக்கு ஊர் உவரி. திசையன்விளை பஸ் பிடித்துப் போகணும். அந்தோணியார் கோயில் திருவிழாவுக்கு வாடா என்று கூப்பிட்டான். மீன் குழம்பு கிடைக்கும் என்பதால் உடனே கிளம்பினேன். (பக்தி? அது ரெண்டாவது காரணம்.) அவன் அப்பாவுக்கு ஒரு ஃபைபர் போட்டு இருந்தது. 2004 டிசம்பர் சுனாமிக்கு அப்புறம் நம்ம கரையில் ஃபைபர் போட்டு நிறைய வந்ததே, அந்த மாதிரி ஒண்ணு. பின்னாடி மாட்டுகிற அவுட்போர்டு எஞ்சின். திருவிழா என்பதால் கடலுக்குப் போகவில்லை. எஞ்சினைக் கழட்டி ஷெட்டில் ஸ்டாண்டில் மாட்டி வைத்திருந்தார்கள்.

எஞ்சின் தலை பளபளவென்று இருந்தது. கீழே, தண்ணிக்குள் இருக்கிற பாகம்தான் பரிதாபம். அங்கங்கே பெயிண்ட் உரிந்து, உரிந்த இடத்தில் கோலமாவு தூவின மாதிரி வெள்ளையாகப் பொடி. ப்ரொப்பல்லருக்கு நேர் மேலே, குட்டி மீன் துடுப்பு மாதிரி சாம்பல் நிறத்தில் ஒரு துண்டு தொங்கிக்கொண்டிருந்தது. அதுதான் இருப்பதிலேயே அசிங்கம். புழு தின்ற கத்திரிக்காய் மாதிரி குழி குழியாக இருந்தது.

"மாமா, இதுக்கு பெயிண்ட் அடிச்சா சரியாயிடும். காத்தும் தண்ணியும் படலேன்னா துரு எப்படி வரும்?" என்றேன். இன்ஜினியராச்சே!

அவர் லேசாகத் தயங்கினார். "இந்தத் துண்டுக்குமா அடிக்கணும் தம்பி? எஞ்சின் வாங்குனப்போ இதுல மட்டும் பெயிண்டே இல்லய்யா."

"அதனாலதான் மாமா அது இப்படி அரிச்சிருக்கு!"

என்ன ஒரு லாஜிக் பாருங்க. அன்றைக்கு சாயங்காலமே நானும் அவனும் உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, ரெண்டு கோட்டிங் அடித்தோம். அந்தக் குட்டித் துடுப்புக்கு ஸ்பெஷலாக மூணு கோட்டிங். அது போதாதென்று இன்னொரு யோசனையும் சொன்னேன். "அலுமினிய ப்ரொப்பல்லரைத் தூக்கிப் போட்டுட்டு ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்ல மாட்டுங்க மாமா, ஆயுசுக்கும் துருப்பிடிக்காது." தூத்துக்குடியில் பழைய சாமான் கடையில் ஒண்ணு கிடைத்தது. மாட்டியாச்சு. போட்டோ எல்லாம் எடுத்துக்கொண்டோம்.

அடுத்த ஆறேழு மாசத்தில் எஞ்சின் நடுக்கடலில் நின்றுபோனது. ஸ்டார்ட் ஆகிறது, ஆனால் ப்ரொப்பல்லர் சுற்றவில்லை. பக்கத்தில் வலை போட்டிருந்தவர்கள் கயிறு கட்டி இழுத்துக்கொண்டு வந்து சேர்த்தார்கள். காற்று ஜாஸ்தியாக இருந்த ஆனி மாசம். வேறு போட்டு கண்ணில் படாமல் இருந்திருந்தால்... வேண்டாம், அதை நான் இன்றைக்கும் முழுசாக யோசிப்பதில்லை.

கரையில் பிரித்துப் பார்த்தால், ஸ்டெயின்லெஸ் ப்ரொப்பல்லர் கல்யாண வீட்டு டம்ளர் மாதிரி மின்னுகிறது. நாங்கள் மூணு கோட்டிங் அடித்த குட்டித் துடுப்பும் புத்தம் புதுசாக இருக்கிறது. அவை ரெண்டுக்கும் நடுவில் இருக்கிற அலுமினிய கியர் கேஸ்தான் காலி. பெயிண்ட் கீறின இடத்தில் எல்லாம் ஆணி அடித்த மாதிரி ஆழ ஆழமாகக் குழி. ஒரு குழி உள்ளே வரைக்கும் ஓட்டை போட்டு, கடல் தண்ணி போய், கியர் ஆயில் மோர் மாதிரி வெளுத்து, பல்லெல்லாம் போச்சு.

ரூம்மேட் லீவு முடிந்து வந்து இதைச் சொன்னபோது அவன் திட்டவில்லை. அவன் அப்பாவும் திட்டவில்லையாம். "படிக்கிற புள்ள சொல்லுச்சேன்னு செஞ்சோம்"னு மட்டும் சொன்னாராம். நாலு அடி கொடுத்திருந்தால்கூடத் தேவலை.

சரி, அப்படி என்னதான் தப்பு பண்ணினோம்? அரியர் எழுத உட்கார்ந்தபோதுதான் புரிந்தது. துரு என்பது காத்தும் தண்ணியும் மட்டும் சேர்ந்து செய்கிற வேலை இல்லை. அது ஒரு பேட்டரி, பாஸ்.

ரெண்டு வேற வேற உலோகம். ரெண்டும் ஒண்ணையொண்ணு தொட்டுக்கொண்டிருக்கணும். ரெண்டும் ஒரே உப்புத் தண்ணியில் முங்கியிருக்கணும். அவ்வளவுதான், கரண்ட் ஓட ஆரம்பித்துவிடும். கடல் தண்ணியில் ஒவ்வொரு உலோகத்துக்கும் ஒரு வோல்டேஜ் உண்டு. துத்தநாகத்துக்கு சுமார் மைனஸ் 1 வோல்ட். அலுமினியக் கலவைக்கு மைனஸ் 0.75 பக்கம். இரும்பு மைனஸ் 0.6 பக்கம். பித்தளை, வெண்கலம் எல்லாம் அதற்கு மேலே. நல்ல நிலையில் இருக்கிற ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கிட்டத்தட்ட பூஜ்யத்தைத் தொட்டுக்கொண்டு நிற்கும். ஜோடி சேர்ந்த ரெண்டில் எதற்கு மைனஸ் அதிகமோ, அது கரையும். மற்றது ஜம்மென்று இருக்கும்.

இப்போ நம்ம எஞ்சினைப் பாருங்கள். அலுமினியத்தையும் ஸ்டெயின்லெஸ்ஸையும் ஜோடி சேர்த்தால் முக்கால் வோல்ட் வித்தியாசம். ஒரு டார்ச் செல்லில் பாதி. அந்தப் பாதி செல், போட்டு தண்ணியில் இருக்கிற நேரமெல்லாம் அலுமினியத்தைக் கரைத்துக்கொண்டே இருந்திருக்கிறது. ஸ்டெயின்லெஸ் மாட்டவே கூடாதா என்றால், அப்படி இல்லை. நிறைய எஞ்சின்களில் மாட்டுகிறார்கள், நன்றாகவும் ஓடுகிறது. ஆனால் அப்போது அந்த அசிங்கமான குட்டித் துடுப்பு உயிரோடு இருக்கணும்.

ஏனென்றால் அது துத்தநாகம். சும்மா அழகுக்குத் தொங்கவிடவில்லை. இருக்கிற கூட்டத்திலேயே மைனஸ் அதிகமான ஆள் என்பதால் முதலில் அது கரையும். அது கரைகிற வரைக்கும் அலுமினியத்தின் மேல் கை வைக்க முடியாது. கல்யாணப் பந்தியில் முதல் வரிசையில் உட்கார்ந்து மொத்த சாம்பாரையும் இழுத்துக்கொள்கிற மாமா மாதிரி. புத்தகத்தில் இதற்கு 'தியாக ஆனோடு' என்று பேர். கரையில் கேட்டால் சிங்க் என்பார்கள்.

அது குழி குழியாக இருந்தது நோய் இல்லை, அதுதான் அதன் வேலை! குழி விழாமல் புதுசாகவே இருந்தால்தான் பயப்படணும். நான் போய் அதன் வாயை மூணு கோட்டிங் போட்டு அடைத்துவிட்டேன். கரண்ட் அதன் வழியாகப் போக முடியவில்லை. அடுத்த ஆள் யார்? அலுமினியம்.

இதில் இன்னொரு கொடுமை. கியர் கேஸுக்கு நாங்கள் பெயிண்ட் அடித்ததும்கூட அந்த நிலைமையில் எதிராகத்தான் போனது. பெயிண்ட் அடிக்காத அலுமினியம் என்றால் அரிப்பு முழு உடம்பிலும் பரவலாக, மெதுவாக நடக்கும். பெயிண்ட் அடித்தால், மணலில் உரசிக் கீறல் விழுந்த ஊசிமுனை இடங்கள் மட்டும்தான் தண்ணியைத் தொடும். எதிரே இவ்வளவு பெரிய ஸ்டெயின்லெஸ் ப்ரொப்பல்லர். மொத்தக் கரண்டும் அந்த ஊசிமுனையில் வந்து இறங்கும். அதனால்தான் ஆணி அடித்த மாதிரி குழி. சிங்க் சரியாக இருந்தால் பெயிண்ட் நல்லதுதான், சிங்க் ரொம்ப நாள் வரும். ரெண்டும் கூட்டாளிகள். நான் ஒருத்தனை வைத்து இன்னொருத்தனைக் கொன்றுவிட்டேன்.

நம்பிக்கை இல்லையா? ஹாஸ்டல் ரூமிலேயே பண்ணிப் பாருங்கள். நாலு இரும்பு ஆணி, கொஞ்சம் செம்புக் கம்பி, நாலு டம்ளர். ரெண்டு டம்ளரில் தாமிரபரணித் தண்ணி. ரெண்டில் தூத்துக்குடி உப்பை லிட்டருக்கு 35 கிராம் கணக்கில் கரைத்த தண்ணி. கடலிலும் ஏறக்குறைய அதே அளவுதான் உப்பு இருக்கிறது. ஒவ்வொரு ஜோடியிலும் ஒரு ஆணியை சும்மா போடுங்கள், இன்னொன்றில் செம்புக் கம்பியை இறுக்கிச் சுற்றிப் போடுங்கள். ரெண்டு மூணு நாளில் உப்புத் தண்ணியில் இருக்கிற செம்பு சுற்றிய ஆணி அழுவதைப் பார்ப்பீர்கள். அப்புறம் தீர்ந்துபோன பழைய டார்ச் செல்லின் மேல் தகட்டைப் பிரித்து எடுத்து, (சாதா செல்லில் அது துத்தநாகம்தான், கையில் உறை போட்டுக்கொள்ளுங்கள்) ஒரு துண்டை அஞ்சாவது ஆணியில் கட்டிப் போடுங்கள். அந்த ஆணி தப்பிக்கும். தகடு கரையும்.

ஆற்றுத் தண்ணியைவிடக் கடல் தண்ணி நூறு மடங்குக்கு மேல் நன்றாகக் கரண்டைக் கடத்தும். காரையார் அணையில் படகு விட்டுக்கொண்டிருந்த காலத்தில் அந்த ப்ரொப்பல்லர்களுக்கு இல்லாத தொல்லை, உவரியில் இருப்பதற்கு அதுதான் காரணம். ஒரே மாவட்டம்தான். தண்ணிதான் வேற.

இது இன்றைக்கு நேற்று வந்த தலைவலியும் இல்லை. 1761-ல் பிரிட்டிஷ் கடற்படை 'அலாரம்' என்ற கப்பலின் அடியில் செம்புத் தகடு அடித்தது. மரத்தைப் புழு துளைக்கக் கூடாது, பாசியும் சிப்பியும் ஒட்டக் கூடாது என்பதற்காக. தகடு நன்றாகத்தான் இருந்தது. அதைப் பிடித்திருந்த இரும்பு ஆணிகள் கரைந்துபோயின. எந்த ஆணிக்கும் செம்புக்கும் நடுவில் பழுப்புக் காகிதம் மிச்சமிருந்ததோ, அந்த ஆணி மட்டும் தப்பித்திருந்தது. நான் படித்ததிலேயே எனக்குப் பிடித்த பரிசோதனை இதுதான். யாரும் திட்டமிட்டுச் செய்யவில்லை, ஒரு துண்டுக் காகிதம் பாடம் எடுத்திருக்கிறது. இன்றைக்கும் ரெண்டு உலோகம் சேருகிற இடத்தில் பிளாஸ்டிக் வாஷர் போடுவது அந்தக் காகிதத்தின் பேரன்தான்.

1824-ல் ஹம்ஃப்ரி டேவி (சுரங்க விளக்குப் புகழ் அதே டேவிதான்) செம்புத் தகட்டோடு இரும்பையோ துத்தநாகத்தையோ கொஞ்சம் சேர்த்துவிட்டால் செம்பு கரையாது என்று கண்டுபிடித்தார். 'சமராங்' என்ற கப்பலில் மாட்டியும் பார்த்தார்கள். செம்பு சூப்பராகத் தப்பித்தது. ஆனால் அடிப்பக்கம் பூரா பாசியும் கொட்டலசும் அப்பிக்கொண்டன! செம்பு கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து விஷமாகிக்கொண்டிருந்ததால்தான் அதுவரை ஒட்டாமல் இருந்திருக்கிறது. கரைவதை நிறுத்தினால் ஒட்டுவது ஆரம்பம். பாவம் டேவி. கடற்படை அந்த யோசனையைக் கைவிட்டது. ஆனால் அவர் யோசனை சாகவில்லை. இன்றைக்கு எண்ணெய்க் குழாய், துறைமுகத் தூண், கப்பல் எல்லாவற்றுக்கும் அதுதான் காவல்.

தூத்துக்குடி விசைப்படகுகளின் கதை கொஞ்சம் வேறு. அங்கே ப்ரொப்பல்லர் செம்புக் கலவை. பேரில் செம்பை வைத்திருக்கிற ஆறு கடலில் கலக்கிற கரையில் செம்பு ப்ரொப்பல்லர் என்பது பொருத்தம்தான். கடையில் 'மாங்கனீஸ் வெண்கலம்' என்று கொடுப்பார்கள். வெண்கலம் என்பது பேருக்குத்தான். உள்ளே ஐம்பத்தெட்டு சதவீதம் செம்பு, மீதியில் பெரும்பகுதி துத்தநாகம். அதாவது பித்தளை. காவல் இல்லாமல் கடலில் விட்டால் அதிலிருந்து துத்தநாகம் மட்டும் கழன்று போய்விடும். மிச்சம் நிற்பது கடற்பஞ்சு மாதிரி ஓட்டை விழுந்த செம்பு. வடிவம் மாறாது, எடைகூட ரொம்பக் குறைந்த மாதிரி தெரியாது. நிறம் மட்டும் காட்டிக்கொடுக்கும். சுரண்டிப் பார்த்தால் மஞ்சளுக்குப் பதில் ரோஸ் நிறம். சுத்தியலால் மெதுவாகத் தட்டினால் மணிச் சத்தம் வராது, 'டொக்' என்று செத்த சத்தம் வரும். அந்த இறக்கை ஒருநாள் ஒரு கட்டையில் இடித்தால் பிஸ்கட் மாதிரி உடையும்.

சரி, மாட்டினால் ஏதோ ஒரு துத்தநாகத்தை மாட்டலாமா? பழைய இரும்புக் கடையில் துண்டு வாங்கி உருக்கி ஊற்றிக்கொள்ளலாமே என்று ஒரு பிரில்லியண்ட் யோசனை எனக்கு வந்தது. (திருந்தவே இல்லை பாருங்கள்.) நல்லவேளை, இந்த முறை படித்துவிட்டுத்தான் வாயைத் திறந்தேன். ஆனோடு துத்தநாகத்தில் இரும்பு 0.005 சதவீதத்துக்கு மேல் கலந்திருக்கக் கூடாது. கொஞ்சம் கூடினாலும் மேலே ஒரு படலம் கட்டிக்கொண்டு தூங்கிவிடும். பார்க்க சிங்க் மாதிரி இருக்கும், வேலை செய்யாது. அதேபோல மாட்டுகிற இடத்தைப் பளபளவென்று சுரண்டி, உலோகம் உலோகத்தைத் தொடும்படி முறுக்கணும். நடுவில் பெயிண்டோ துருவோ இருந்தால் கனெக்‌ஷன் கட். பாதி கரைந்ததும் மாற்றிவிடணும். விலை சில நூறு ரூபாய்தான். கியர் கேஸ் விலையோடு வைத்துப் பார்த்தால் பஸ் டிக்கெட் காசு.

புன்னைக்காயல்காரர்களுக்கு இன்னொரு சிக்கல். தாமிரபரணி கடலில் கலக்கிற இடம் அது. ஐப்பசி கார்த்திகையில் ஆறு பெருகி வரும்போது முகத்துவாரத்துத் தண்ணி இனிப்பாகிவிடும். வெயில் காலத்தில் உப்பு. நல்ல தண்ணியில் கிடந்தால் துத்தநாகத்தின் மேல் வெள்ளைத் தோல் படிந்து, திரும்பக் கடலுக்குப் போனாலும் சரியாக எழுந்திருக்காது. மக்னீசியம் போடலாம் என்றால், அது நல்ல தண்ணிக்குத்தான் சரி, கடலில் கற்பூரமாகக் கரைந்துவிடும். இந்த மாதிரி ரெண்டுங்கெட்டான் தண்ணிக்கு இண்டியம் கலந்த அலுமினிய ஆனோடுதான் தோது. எடைக்கு எடை பார்த்தால் துத்தநாகத்தைப் போல மூணு மடங்கு கரண்ட் தருகிற சரக்கும்கூட.

இதையெல்லாம் ஆராய்ச்சி செய்ய நம்ம பக்கத்திலேயே ஆள் இருக்கிறார்கள் என்பது எத்தனை பேருக்குத் தெரியும்? காரைக்குடி சிக்ரி, அதாவது மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம். வள்ளல் அழகப்பர் இடமும் 15 லட்சம் ரூபாயும் கொடுக்க, 1948-ல் நேரு அடிக்கல் நாட்டி, 1953 பொங்கலன்று திறந்தார்கள். உப்புக்காற்றில் உலோகம் எப்படிச் சாகிறது என்று பார்ப்பதற்கே மண்டபத்தில் ஒரு கிளை, தூத்துக்குடி துறைமுகப் பக்கம் ஒரு கிளை. ஃபைனல் இயர் ப்ராஜெக்ட்டுக்கு சென்னைக்கும் பெங்களூருக்கும் மெயில் தட்டுகிற மெக்கானிக்கல், கெமிஸ்ட்ரி மக்களே, ரெண்டு மணி நேர பஸ் தூரத்தில் கடல் இருக்கு. வீட்டில் போட்டு இருக்கிற க்ளாஸ்மேட் ஒருத்தனாவது இருப்பான். அவன் ஷெட்டுக்கு ஒரு தடவை போய்ப் பாருங்கள். வாயை மட்டும் நான் திறந்த மாதிரி திறக்காதீர்கள்.

ஒன்று மட்டும் எனக்கு இன்னும் உறுத்தல். புத்தகத்தில் ரொம்ப சுலபமாகப் போட்டிருக்கும், 'ஒவ்வொரு முறை கடலிலிருந்து வந்ததும் எஞ்சினை நல்ல தண்ணீரில் கழுவவும்' என்று. பத்து நிமிஷம் ஓடவிடணுமாம். அந்தத் தேரிக்காட்டுக் கரையில் குடிக்கிற தண்ணிக்கே குடத்தோடு நின்ற வீடுகளை நான் பார்த்திருக்கிறேன். "எஞ்சினுக்கு ஒரு ட்ரம் ஊத்தவா, புள்ளைக்கு ஒரு குடம் வைக்கவா?" என்று அந்த அத்தை கேட்டதற்கு என்னிடம் பதில் இல்லை. ஆறு புன்னைக்காயலில் போய்க் கடலில் விழுகிறது. அதே கடலின் கரையில் தெற்கே இருக்கிற ஊரில் எஞ்சின் கழுவத் தண்ணி இல்லை. அவர்கள் கண்டுபிடித்த வழி, ஈரத்துணி. அரை வாளி நல்ல தண்ணியில் துணியை நனைத்து ரெண்டு தடவை அழுத்தித் துடைத்து, ப்ரொப்பல்லரைக் கழட்டி தண்டில் சுற்றின வலை நூலை எடுத்து, கிரீஸ் தடவி வைத்துவிடுவார்கள். உள்ளே தண்ணி ஓடுகிற குழாய்களுக்கு இது போதாதுதான். ஆனால் அந்த நூலை எடுப்பது இருக்கிறதே, அது பாதி உயிர். நூல் சுற்றிச் சுற்றி ஆயில் சீலை அறுத்துவிட்டால், சிங்க் இருந்தும் புண்ணியமில்லை. உப்புத் தண்ணி நேரே கியருக்குள் போய்விடும்.

போன வருஷம் மறுபடி உவரி போயிருந்தேன். ரூம்மேட் இப்போ துபாயில். போட்டைத் தம்பி பார்க்கிறான். மாமாவுக்கு வயசாகிவிட்டது, ஷெட்டில் உட்கார்ந்து வலை பின்னுகிறார். எஞ்சின் வேறு, ஸ்டாண்ட் அதேதான். பக்கத்துச் சுவரில் ஒரு ஆணியில் புது சிங்க் துண்டு ஒன்று, அடுத்து மாற்றுவதற்காகத் தொங்குகிறது. அதற்கு மேலே சாக்பீஸில் பெரிய எழுத்து: 'இதுல பெயிண்ட் அடிக்கப்படாது'.

"யாருக்கு மாமா இந்த போர்டு?" என்றேன்.

"இன்ஜினியர்மாரு யாராவது வருவாவள்லா, அதுக்குத்தான் எழுதிப் போட்டிருக்கேன் தம்பி," என்றார். சிரிக்காமல்தான் சொன்னார். அப்புறம் உள்ளே பார்த்து, "ஏட்டி, அந்தத் தம்பி வந்திருக்கு, மீன் எடுத்து வைய்யி," என்று குரல் கொடுத்தார்.